சம்பந்தியம்மாவுக்குச் சொன்ன வாக்கியங்கள்

கண்ணு, உன் கல்யாண வீடியோவை நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தாகிவிட்டது. நீயும் பார்த்தாய். நீ தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம் முழங்குகிறது, மண்டபத்தில் இருக்கிற எல்லாத் தலையும் மணமேடைப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஒரே ஒருவன் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மாப்பிள்ளையின் அப்பா. அந்தக் காட்சியை உன் அத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, “அவனுக்கு மனசு ஒப்பலமா. அதான் தாலி கட்டுற நேரத்துக்குத் திரும்பிக்கினான்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாளாம். அது குடும்ப வாட்ஸப்பில் ஏறி, கடல் தாண்டி, உன் காதுக்கும் வந்துவிட்டது.

நீ போன் செய்து, “ஏன்பா அப்பிடித் திரும்பிக்கினு நின்னீங்க?” என்று கேட்டாய். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ, “பரவால்ல விடுங்கபா” என்று வைத்துவிட்டாய். அந்தப் பரவாயில்லைதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீ கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். உனக்குப் பிடித்த பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ முடிவுகட்டிவிட்டு, பெருந்தன்மையாக என்னை மன்னித்தும்விட்டாய். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்வது இருக்கிறதே, அது வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒட்டாத கடிதமாகவே எழுதுகிறேன், வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் இதையும் படிக்கட்டும். முக்கியமாக உன் அத்தை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் என் வேலை என் உடம்பில் என்ன செய்து வைத்திருக்கிறது என்று நீ யோசித்திருக்க மாட்டாய். கைடு என்பவன் கோபுரத்தைப் பார்த்து நிற்கமாட்டான். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, வந்தவர்களின் முகத்தைப் பார்த்து நிற்பான். அப்போதுதான் யாருக்குப் புரிகிறது, யாருக்கு வெயில் தாங்கவில்லை, யார் செருப்பில்லாமல் கல்லில் நிற்க முடியாமல் தவிக்கிறார் என்று தெரியும். ஏகாம்பரநாதர் கோயிலில் அந்த மாமரத்தை இத்தனை வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அது காய்த்திருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் திரும்பிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் காட்டியே பழகிவிட்ட ஆள் நான்.

நம் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தபோது நான் மட்டும் ஸ்பானிஷ் படிக்கப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு பேசுகிற கைடுகள் ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள். ஸ்பானிஷுக்கு ஆள் இல்லை என்று ஒரு டிராவல்ஸ்காரர் சொன்னார். சென்னைக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போய்வந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிற பாடம் வரும்வரை. அதில் போய் மாட்டிக்கொண்டேன்.

தமிழில் இது எவ்வளவு சுலபம் என்று பார். நான் சாப்பிட்ட தட்டு என்கிறோம். நான் சாப்பிட்ட ஓட்டல் என்கிறோம். தட்டையா சாப்பிட்டேன், ஓட்டலையா சாப்பிட்டேன்? தட்டில் சாப்பிட்டேன், ஓட்டலில் சாப்பிட்டேன். அந்த ‘இல்’ எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் நாம் அதை விழுங்கிவிடுகிறோம். ஸ்பானிஷ்காரர்களிடம் அந்தக் கதை நடக்காது. தட்டுக்கும் எனக்கும் என்ன தொடர்பு, அதில் சாப்பிட்டேனா, அதோடு போனேனா, அதற்காகச் சண்டை போட்டேனா, எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லியாகவேண்டும். அப்படிச் சொல்கிற சின்ன வார்த்தையும் நம் உருபு மாதிரி வாலில் ஒட்டிக்கொண்டு வராது. சுவாமி புறப்பாட்டில் மேளம் முன்னால் போவதுபோல முன்னால்தான் நடக்கும். ஆங்கிலத்திலாவது அதை வாக்கியத்தின் கடைசியில் தொங்கவிட்டுத் தப்பிக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை. போதாக்குறைக்கு, பின்னால் வருகிற இணைப்பு வார்த்தை ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று பார்த்து வேஷம் மாற்றும். கோயில் ஆண், அதனால் ‘என் எல் கே’. வீடு பெண், அதனால் ‘என் லா கே’. இரண்டுக்கும் ‘எதில்’ என்பதுதான் அர்த்தம். நூல் ஆண், ‘கோன் எல் கே’. கை பெண், ‘கோன் லா கே’. இரண்டும் ‘எதைக் கொண்டு’. மரத்தின் அடியில் என்று வந்தால் ‘தெபாஹோ தெல் குவால்’ என்று வார்த்தையே வேறாகிவிடும். பேசுகிற வேகத்தில் இத்தனையும் யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த மண்டபத்துக்குப் போயிருக்கும்.

ஆகவே நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். சேர்ப்பதே இல்லை. “இது கோயில். இந்தக் கோயிலில் ஒரு மாமரம் இருக்கிறது. இந்த மரத்தின் அடியில் அம்மன் தவம் செய்தாள்.” எல்லாமே துண்டு துண்டாகத்தான். வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. மனதில் பதிகிறது என்றார்கள். எனக்கும் பிழைப்பு ஓடியது. உனக்கு மட்டும்தான் அது பெரிய வேடிக்கை. பள்ளி விடுமுறையில் என்னோடு கோயிலுக்கு வந்து கேட்டுவிட்டு, ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பிப்பாய். “இது சோறு. இந்தச் சோத்துல கொழம்பு இருக்குது. இந்தக் கொழம்புல கத்திரிக்கா இருக்குது. இந்தக் கத்திரிக்காய எங்கம்மா தீச்சிட்டாங்க.” உன் அக்கா சிரித்துப் புரையேறி, நானும் சிரித்து, உன் அம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். அப்படிக் கிண்டல் செய்த பிள்ளைதான் பின்னாளில் வேலைக்கு ஸ்பெயினே போனாய் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

சொல்லாததுதான் வம்பாகப் போயிற்று. லூசியாவைப் பற்றி நீ சொன்னபோது நான் “சரி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாளெல்லாம் பேசி வயிறு வளர்க்கிறவன் வீட்டுக்கு வந்தால் வாயை மூடிவிடுகிறான், என்ன செய்வது. அந்தச் சரிக்குள் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கே நான் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, வரும் வழியில் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், என் மருமகள் சரகோசாக்காரி, அந்த ஊரில் பெரிய ஆறு ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேனாம். உனக்கு மட்டும் ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். நீயும் லூசியாவிடம் பேசும்போது இப்படிச் சிக்கனம் செய்யாதே. கட்டிக்கொண்டவளிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடு, ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு லூசியாவின் அம்மா பிலாரம்மா வீடியோவில் பேசினார். தனி ஆளாக நின்று மகளை வளர்த்தவர். ஒரே பெண், அவளுக்குக் கல்யாணம் தெரியாத ஊரில், தெரியாத மொழியில். நான் வழக்கப்படி துண்டு துண்டாகப் பேசினேன். இது மண்டபம். இந்த மண்டபத்தில் மேடை இருக்கிறது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிரித்தபடிதான், ஒன்று சொன்னார். “நான் சுற்றுலா வரவில்லை. அங்கே இருக்கிற பொருளெல்லாம் என்ன என்று எனக்குத் தெரியவேண்டாம். என் மகள் யாரை வணங்குகிறாள், யார் கையிலிருந்து வாங்குகிறாள், யாரோடு நடக்கிறாள், அது தெரிந்தால் போதும். அந்த நேரத்தில் நான் தனியாக நிற்கக்கூடாது.”

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது முழுக்க, நான் ஆயுசெல்லாம் ஒதுங்கிப் போன வாக்கியங்கள். அவள் யாரை வணங்குகிறாளோ அந்தப் பெரியவர், யார் கையிலிருந்து சேலையை வாங்குகிறாளோ அந்த அம்மாள். கோபுரத்தைத் துண்டாகச் சொல்லிவிடலாம். உறவைத் துண்டாகச் சொன்னால் அது கூட்டத்தில் நிற்கிற ஆட்களின் பட்டியலாகிவிடும். மேளம் அடிக்கிற இடத்தில் பட்டியலுக்கு நேரமும் கிடையாது. ஒரே மூச்சில் சொல்லவேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு வாத்தியார் லூசியாதான். உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம், உன் கிண்டலுக்குப் பயந்துதான். அவள் தினமும் வாய்ஸ் மெசேஜில் இரண்டு துண்டு வாக்கியம் அனுப்புவாள், நான் அவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். “மாமா, அந்தச் சின்ன வார்த்தை முன்னால்” என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அந்த ‘மாமா’வை மட்டும் தமிழில் சொல்வாள். நான் பல்துலக்கும்போது, ஸ்கூட்டரில் போகும்போது, கேஸ் சிலிண்டருக்குக் காத்திருக்கும்போது எல்லாம் சேர்த்துக்கொண்டே இருந்தேன். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனோ அந்த நாற்காலி. எந்த அடுப்பில் தோசை தீய்கிறதோ அந்த அடுப்பு. ஒருநாள் கொஞ்சம் துணிந்து, எவள் இல்லாமல் என்னால் முடியாதோ அந்தப் பெண் என்று சமையலறை வாசலில் நின்று ஸ்பானிஷில் சொல்லி, அர்த்தத்தையும் சொன்னேன். உன் அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தமிழ்ல ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப எவளுக்கோ புரியற பாஷையில சொல்லிக்கினு நிக்கிறீங்க” என்றாள். ஆனால் அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் பிலாரம்மாவை உன் சித்தப்பா வீட்டுத் தறிக்கு அழைத்துப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது மண்டபத்துக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். முகூர்த்தச் சேலையை நெய்து இறக்கியாகிவிட்டது, தறியில் வேறு சேலை ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், கரைக்கும் உடலுக்கும் நூல் இழுக்கிற நாடா மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். எந்தச் சேலையோடு உங்கள் மகள் மணமேடை ஏறப்போகிறாளோ அந்தச் சேலை எதில் நெய்யப்பட்டதோ அந்தத் தறி இது. ஸ்பானிஷில், ஒரே மூச்சில், அந்த இணைப்பு இரண்டு முறை வருகிற வாக்கியம். எங்கும் இடறவில்லை. பிலாரம்மா போய்த் தறிக்கட்டையின்மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். சித்திக்கு வெட்கம் வந்துவிட்டது. அங்கே இருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவர் என்னை ‘கொன்சுவேக்ரோ’ என்று கூப்பிட்டார். சம்பந்திக்கு அவர்கள் மொழியிலும் தனியாக ஒரு வார்த்தை இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. எனக்கு அன்று ராஜமரியாதை கிடைத்த மாதிரி இருந்தது.

இப்போது கல்யாண நாள். பிலாரம்மாவுக்கு முழங்கால் வலி, மேடையில் நிற்க முடியாது என்று கீழே முன்வரிசையில் நாற்காலி போட்டோம். தாரை வார்க்க அவருடைய தம்பி மேடை ஏறிவிட்டார். நானும் உன் அம்மாவும் பாதபூஜை முடிகிறவரை மேடையில்தான் இருந்தோம். தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வர ஆரம்பித்தது. மேலேயிருந்து பார்த்தேன். தட்டு தன்னிடம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக நிற்கக்கூடாது என்று கேட்டாரே. நான் இறங்கிவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன், ஒரு நிமிஷத்தில் வருகிறேன் என்று.

தட்டைத் தொட்டுக் கும்பிடச் சொன்னேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். எந்தக் கயிற்றைக் கொண்டு அவன் கட்டுவானோ அந்த மஞ்சள் கயிறு இது. இவ்வளவு நேரம் யாருக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்த அக்கினி. யார் மூன்றாவது முடிச்சைப் போடப்போகிறாளோ, நாளைக்கு உங்கள் மகள் ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போய் நிற்கலாமோ, அவள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிற என் மகள். வாக்கியங்கள் தாமாக வந்தன, கண்ணு. அந்தச் சின்ன வார்த்தைகள் எல்லாம் சொன்னபடி கேட்டு முன்னால் வந்து நின்றன. நான் மேடைக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் நீட்டி, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படி நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கெட்டிமேளம் கேட்டது. எதிரே இருந்த அத்தனை பேரும் அட்சதையை வீசினார்கள். உங்கள் தலையில் விழவேண்டிய அரிசி பாதி என் மூஞ்சியில் விழுந்தது.

பிலாரம்மா எழுந்துவிட்டார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் நிறைந்து முகம் முழுக்கச் சிரிப்பு. நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் தோள் இரண்டையும் பிடித்து, “பேசாதீர்கள், பாருங்கள்” என்று என்னைத் திருப்பிவிட்டார். திரும்பியபோது உன் அக்கா மூன்றாவது முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். நீ தலையைக் குனிந்திருந்தாய். நான் திரும்பியது வீடியோவில் இல்லை, கேமராக்காரர் அப்போது உன் அக்காவின் விரலைக் காட்டப் போய்விட்டார்.

உன் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதே. அந்த அம்மாளின் முகத்தில் பார்த்தேன். தன் மகள் என் மகனைக் கட்டிக்கொண்டதற்காக ஒரு தாய் இவ்வளவு சந்தோஷப்படுவதை எந்த அப்பனும் இத்தனை அருகில் நின்று பார்த்திருக்க மாட்டான். இதுதான் நான் போனில் சொல்ல நினைத்தது. நீ வைத்துவிட்டாய்.

ஆனால் கடிதம் இங்கே முடியவில்லை. நேற்று நானே பிலாரம்மாவுக்கு போன் செய்தேன். அத்தை சொன்னதைச் சொன்னேன், நீ பரவாயில்லை என்று சொன்னதையும் சொன்னேன். பிறகு, நான் பார்க்காததைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இந்த முறை கைடு அவர். எனக்காக மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். “உங்கள் மகன் தாலியை எடுத்தான். கட்டுவதற்கு முன்னால் நிமிர்ந்தான். கூட்டத்தில் யாரையோ தேடினான். நான் அவன் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். அது உங்கள் முதுகு. பிறகு குனிந்து கட்டினான்.”

நீ தேடினாய் என்று எனக்குத் தெரியாது கண்ணு. அத்தை பேச்சும் வாட்ஸப்பும் உன்னைச் சுடவில்லை, அதற்கு முன்பே மேடையிலேயே உனக்குச் சுட்டுவிட்டது என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. முறைப்படி தாலி எடுத்து, ஐயர் மந்திரம் சொல்ல, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா சரி என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும் என்று நிமிர்ந்திருக்கிறாய். உன் அப்பா உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். உன் அம்மா வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் சரகோசாவில் உங்கள் பதிவுத் திருமணத்துக்கு வருகிறோம். நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறீர்களா என்று பிலாரம்மா என்னைக் கேட்டார், அங்கே அதிகாரி வாசிப்பது உன் அம்மாவுக்குப் புரியவேண்டுமே என்று. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா போனைப் பார்த்து, “எனக்கு ஒண்ணும் புரிய வேணாம்மா. நீங்க உக்காருங்க, இவரும் உக்காரட்டும்” என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாளும் புரிந்த மாதிரி “சீ, சீ” என்று, அவர்கள் மொழியில் ஆமாம் ஆமாம் என்று, தலையை ஆட்டினார்.

அதனால் இந்த முறை நான் எதையும் யாருக்கும் சொல்லப்போவதில்லை. முன்வரிசையில் உட்காருவேன். எனக்கு உன்னிடம் சொல்ல இருந்ததைத் தமிழிலேயே இங்கே எழுதிவிடுகிறேன். லூசியாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீ அவளைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அன்றைக்கு மோதிரம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார், கண்ணு. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா